பொன்கழுத்தன்

எழுமலை
20 மே 1934

என் தாயி ஒச்சாயிக்கு மாமன் பேயாண்டி எழுதுவது. நான், உன் அத்தை தங்கப்பொண்ணு, செவலைப் பசு, எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உன் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரன் தானே படித்துக் காட்டுகிறேன் என்று உட்காரப் பார்த்தான். "யாருக்குடா படிக்க வந்த?" என்று வாங்கி, தெருவே கேட்கிற மாதிரி நானே படித்தேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்ற காரணம் உனக்குத் தெரியும். அதற்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க அந்த வாத்தியாரிடம் சரக்கு இல்லை.

ஏழாம் மாதம் பிறக்கப் போகிறது, கூட்டிப்போக எப்போது வருவீர்கள் என்று கேட்டிருக்கிறாய். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். உன் ஆத்தா, என் கூடப்பிறந்தவள், கண்ணை மூடிய நாளிலிருந்து என் வீடுதானே உனக்குத் தாய் வீடு. நான் கிளம்பிவிட்டேன் என்றே வைத்துக்கொள். ஒரு சின்னச் சங்கதிதான் குறுக்கே நிற்கிறது.

குற்றப் பரம்பரை என்று கைரேகை வைத்துப் பதிவில் ஏற்றின நம்ம ஆம்பளைகள் பொழுது சாய்ந்தால் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வந்து படுக்க வேண்டும், ராதாரிச் சீட்டு வாங்காமல் ஊர் எல்லை தாண்டக்கூடாது என்று சர்க்கார் போட்ட சட்டம் நீ அறிந்ததுதான். மற்றவர்களுக்கு அது சட்டம். என் விஷயம் வேறு. நான் போய்ச் சேராவிட்டால் இன்ஸ்பெக்டருக்குத் தூக்கமே வராது. "பேயாண்டி வந்துட்டானா?" என்று ஆள் விட்டுக் கேட்கிறார். இம்புட்டு மரியாதை வைத்திருக்கிற மனிதரை விட்டுவிட்டு எப்படிச் சட்டென்று உன் எஸ்டேட்டுக்கு மலையேறுவது?

ஆனால் உன் மாமன் சும்மா இருப்பவன் இல்லை. போன கடிதத்தில் நீ ஒரு பிராணியைப் பற்றி எழுதியிருந்தாய் அல்லவா, உன் குடிசைக்குப் பின்னால் மரத்தில் தேனடையைப் பிய்த்துத் தின்றது என்று? கரும்பூனை மாதிரி உடம்பு, நரி மூஞ்சி, கழுத்துக்குக் கீழே அரைத்த மஞ்சளை அள்ளி அப்பின மாதிரி நிறம். அதற்கு அங்கே யாருக்கும் பேர் தெரியாது என்றாய். நான் வைத்துவிட்டேன். பொன்கழுத்தன். ஸ்டேஷன் வாசலில் படுத்துக்கொண்டு அதன் கதையைச் சொன்னேன். பக்கத்துப் பாயில் படுத்திருந்த கூட்டாளி காளை திறந்த வாயை மூடவில்லை. நம்ம மாப்பிள்ளை முத்திருளனுக்கு அது நாய்க்குட்டி மாதிரி, கையைத் தட்டினால் இறங்கி வரும் என்று சொன்னேன். கொஞ்சம் கூடத்தான் சொல்லிவிட்டேன், அதனால் என்ன. கேட்டுக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார்.

மதுரையில் ஒரு பெரிய துரை இருக்கிறாராம். காட்டுப் பிராணிகளின் தோலுக்குள் பஞ்சடைத்துக் கண்ணாடிப் பெட்டியில் நிறுத்திவைப்பவர். இந்த ஒன்று மட்டும் அவருக்கு அகப்படவே இல்லை. உயிரோடு பார்த்த மனுஷனே அபூர்வமாம். அதன் தோலை முழுசாகக் கொண்டுவந்தால் துரையிடம் சொல்லி என் பெயரை ரேகையிலிருந்து அடித்துவிடுவதாக இன்ஸ்பெக்டர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அப்புறம் எனக்கு ஏது சீட்டு, ஏது எல்லை? மறுநாளே உன் வாசலில் வந்து நிற்பேன்.

மாப்பிள்ளையிடம் சொல். மரத்தில் ஏறுகிற பிராணி எல்லாம் ராத்திரியில்தான் நடமாடும். கறுப்பட்டியும் கனிந்த வாழைப்பழமும் வைத்துக் கண்ணி கட்டிவிட்டு, மேலே கிளையில் சத்தம் காட்டாமல் உட்கார வேண்டும். பனை மரத்தில் கள் குடிக்க வருகிற மரநாயை நான் எம்புட்டுப் பிடித்திருக்கிறேன் என்று இந்தச் சுற்று வட்டாரத்தில் கேட்டால் சொல்வார்கள்.

உன் மாமன்
பேயாண்டி

*

மேகமலை எஸ்டேட்
31 மே 1934

மாமாவுக்கு ஒச்சாயி எழுதியது.

உங்கள் கடிதம் சின்னமனூரிலிருந்து தலைச்சுமையில் ஏறி வந்து சேர ஒரு வாரம் ஆனது. இங்கே மழை பிடித்துவிட்டது. பிடித்தால் விடாத மழை. உடுத்துகிற துணி காய்வதில்லை, அடுப்பு எரிவதில்லை. அட்டை கடித்த கால் ஆறுவதில்லை. இவர் காடு வெட்டிவிட்டு வந்து காலை நீட்டினால் நான் உப்பை வைத்து ஒவ்வொன்றாக எடுப்பேன்.

நான் பொழுது போகாமல் எழுதியதை நீங்கள் இன்ஸ்பெக்டர் வரை கொண்டுபோவீர்கள் என்று தெரிந்திருந்தால் அந்தப் பிராணியைப் பற்றி எழுதியிருக்கவே மாட்டேன். இவர் அதைப் பிடித்ததும் இல்லை, தொட்டதும் இல்லை. நானும் இவரும் ஒரே ஒரு தரம் பார்த்தோம். அதுவும் நல்ல உச்சி நேரம் மாமா. கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். இரண்டு வந்தன. ஒன்று அடையைப் பிய்த்தது, ஒன்று கிளையில் படுத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. தேனீ அம்புட்டும் மூஞ்சியில் மொய்க்கிறது, அது கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. ராத்திரிப் பிராணி என்று எனக்குத் தோன்றவில்லை.

இதை இவரிடம் சொன்னேன். "மாமா சொல்லி நாம தட்டுறதா? அவரு பிடிக்காத மரநாயா?" என்கிறார். உங்கள் பேர் ரேகையில் இருப்பது இவருக்கு உறுத்துகிறது. கல்யாணத்தில் பந்தி முடியுமுன்னே நீங்கள் ஸ்டேஷனுக்கு எழுந்து ஓடினீர்களே, அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இவர் பேர் எஸ்டேட் ஆள் பேரேட்டில் இருக்கிறது. வேலையை விட்டு இறங்க விடமாட்டார்கள். நீங்கள்தான் வர வேண்டும். எனக்குப் பிராணியும் வேண்டாம், துரையும் வேண்டாம். இன்ஸ்பெக்டர் காலில் விழுந்தாவது நாலு நாளுக்குச் சீட்டு வாங்குங்கள். ஏணி மாதிரி இருக்கிற பாதையில் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நான் தனியாக இறங்க முடியாது.

அத்தைக்குச் சொல்லவும்.

ஒச்சாயி

*

எழுமலை
8 ஜூன் 1934

தாயி ஒச்சாயிக்கு,

காலில் விழச் சொல்கிறாய். பேயாண்டி எவன் காலிலும் விழுந்ததாகச் சரித்திரம் கிடையாது. போன வாரம் சீட்டு விஷயமாகப் பேசப் போனேன். இன்ஸ்பெக்டர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். நாற்காலி அன்றைக்கு வேறு யாருக்கோ வேண்டியிருந்ததால் நான் நின்றுகொண்டே பேசினேன். "தோல் எங்கய்யா?" என்றார். சீட்டு எங்கே போகிறது, தோல் வந்தால் தானே வரும்.

உச்சி நேரத்தில் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு அது வழி தவறி வந்திருக்கும். மனுஷனே சில நாள் பட்டப்பகலில் தூங்குவதில்லையா? நீ சின்னப்பிள்ளை. ஐந்தாம் வகுப்பு படித்திருக்கலாம், மரநாய் பிடித்ததில்லை. மாப்பிள்ளைக்கு என் பேச்சின் அருமை தெரிகிறது. அவன்தான் பிள்ளை.

துரை ஆகஸ்டில் கப்பலேறிச் சீமைக்குப் போகிறாராம். அதற்குள் கைக்கு வர வேண்டும். அவசரம் ஒன்றும் இல்லை, ஆனால் சீக்கிரம். உனக்கு மதுரை விளக்குத்தூண் கடையிலிருந்து வளையல் வந்துவிட்டது. பச்சை ஒரு டஜன், சிவப்பு ஒரு டஜன். நானே ஜட்கா வண்டியில் போய் வாங்கினேன் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். வாங்கி வந்தது உன் அத்தை. நடந்துதான் போனாள்.

ரேகை போன பிறகு நான் செய்யப்போகிற முதல் காரியம் என்ன தெரியுமா? ராத்திரி என் வீட்டில் என் கட்டிலில் படுத்து, விடிந்து வெயில் ஏறின பிறகு எழுந்திருப்பேன். உன் அத்தை எழுப்பினாலும் எழமாட்டேன்.

மாமன்
பேயாண்டி

*

மேகமலை எஸ்டேட்
25 ஜூன் 1934

மாமாவுக்கு,

இவர் ஒரு வாரமாக ராத்திரி மரத்தில் உட்காருகிறார். பகலில் காடு வெட்டு, ராத்திரியில் கண்ணி. கம்பளிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போகிறார். விடியும்போது வந்து கதவைத் தட்டினால் பல்லு கிட்டித்துப் பேச்சு வருவதில்லை. நேற்று முந்தின ராத்திரி கண்ணியில் ஒன்று விழுந்தது. ஓடிப்போய்ப் பந்தத்தைக் காட்டிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் வேறு ஏதோ பூனை. கழுத்தில் மஞ்சளும் இல்லை, ஒன்றும் இல்லை. அவிழ்த்துவிட்டார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை. ராத்திரி முழுக்க விழித்திருந்தவர் உள்ளே அசந்து தூங்கினார். நான் வாசலில் அரிசி புடைத்தேன். மழை கொஞ்சம் விட்டு வெயில் அடித்தது. அந்த இரண்டும் வந்தன மாமா. அவர் ராத்திரி உட்காருகிற அதே கிளையில், அவர் கட்டிவைத்த வாழைப்பழத்தை மோந்து பார்த்துவிட்டுத் தாண்டிப் போயின. எழுப்பலாமா என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். எழுப்பவில்லை.

சாயந்திரம் சொன்னதும் கோபித்துக்கொண்டார். "எழுப்பியிருந்தா இன்னைக்கே முடிஞ்சிருக்கும்ல. இனி மாமாவுக்கு என்ன பதில் சொல்ல?" என்றார். பகலில் பிடிக்கலாமே என்றேன். பகலில் கங்காணி விடுவானா என்று கேட்கிறார். அதுவும் உண்மைதான். அதோடு உங்கள் வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

இவருக்கு உடம்பு சுடுகிறது. சாதாரணச் சுரம் என்கிறார். போதும் விடு என்று இவருக்கு நீங்கள் ஒரு வரி எழுதுங்கள். என் பேச்சைக் கேட்கமாட்டார். உங்கள் பேச்சைக் கேட்பார்.

ஒச்சாயி

*

எழுமலை
30 ஜூன் 1934

தாயி ஒச்சாயிக்கும் மாப்பிள்ளை முத்திருளனுக்கும்,

உங்களிடமிருந்து மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. மழையில் தபால்காரன் வழுக்கி விழுந்திருப்பான். அதனால் நானே எழுதுகிறேன்.

மாப்பிள்ளே, தளராதே. இங்கே உன் பேர் கொடி கட்டிப் பறக்கிறது. நீ ஒன்றைப் பிடித்துக் கூண்டில் வைத்திருப்பதாகவே சொல்லிவிட்டேன். சொன்னால் நடக்கும் என்று ஒரு நம்பிக்கைதான். இன்ஸ்பெக்டர் துரைக்கு எழுதிப்போட்டுவிட்டார். காளை என்னிடம், "ஒன் பேரு போச்சுன்னா என் பேரையும் கொஞ்சம் பாத்துக்கப்பா" என்கிறான். அதற்குள் எனக்கு எம்புட்டு மவுசு பார்.

இன்னும் நாலு ராத்திரி உட்கார். அமாவாசை இருட்டில் கட்டாயம் வரும். நான் சொன்னால் சொன்னதுதான்.

பேயாண்டி

*

மேகமலை எஸ்டேட்
16 ஜூலை 1934

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றும் அவர் போனார். எழுந்து நிற்க முடியவில்லை, போனார். மறுநாள் காலையில் மரத்தடியில் கிடந்தார். தூக்கிவந்தார்கள். கம்பவுண்டர் கொய்னா மாத்திரை கொடுத்தார். ஜன்னி கண்டு மூன்று நாள் பேசினார். பாதிப் பேச்சு உங்களோடுதான். "வந்துருச்சு மாமா, சத்தம் போடாதீக" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் முடிந்துவிட்டது. மழையில் குழி நிறையத் தண்ணீர். இறைத்து இறைத்துத்தான் வைத்தார்கள்.

கூலி லயத்துப் பெண்கள் பிறந்த வீட்டுக் கோடி எங்கே என்று கேட்கிறார்கள். தாய் வீட்டு ஆள் புதுச்சேலை கொண்டுவந்து என் தலையில் போட்டால்தானே தாலியை இறக்க முடியும். எனக்கு அப்பன் இல்லை, ஆத்தா இல்லை, அண்ணன் தம்பி இல்லை. நீங்கள் ஒருத்தர்தான். அதுவரை கழுத்தில் கயிறோடு உட்கார்ந்திருக்கிறேன். கட்டிக்கொண்டவர் மண்ணுக்குள் இருக்கிறார், கயிறு மஞ்சள் மாறாமல் இருக்கிறது. குனிந்தால் கண்ணில் படுகிறது.

வேறு ஆளிடம் கொடுத்துவிட வேண்டாம். நீங்கள் வாருங்கள்.

ஒச்சாயி

*

எழுமலை
21 ஜூலை 1934

ஒச்சாயிக்கு,

கடிதம் வந்தது. தபால்காரனே படித்தான்.

ஸ்டேஷனுக்குப் போனேன். துக்கத்துக்குச் சீட்டு உண்டு என்று சட்டத்தில் இருக்கிறது. செத்தவன் உனக்கு என்ன வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். என் தங்கச்சி மகளின் புருஷன் என்றேன். அது தூரத்து உறவு, அதற்குச் சீட்டு இல்லை என்றார். கோடி போட வேண்டும் என்று சொன்னேன். அந்த வழக்கம் அவருக்குப் புரியவில்லை. அவர் வேறு ஜில்லாக்காரர். அப்புறம், "கூண்டுல இருக்குன்னியே, அது என்னாச்சு?" என்று கேட்டார்.

நான் காலில் விழுந்தேன் தாயி. முன்னால் எழுதியதை அடித்துவிடு.

சேலை வாங்கிவிட்டோம். வெள்ளை. உன் அத்தை அதை வைத்த இடத்துப் பக்கமே போகமாட்டேன் என்கிறாள். அடுப்பு பற்றவைத்து இரண்டு நாள் ஆகிறது.

இன்று சாயந்திரம் ரேகைக்குப் பேர் கூப்பிடும்போது நான் அங்கே இருக்க மாட்டேன். உசிலம்பட்டி ரோட்டுப் பக்கம் போகாமல் காட்டு வழியாகவே வாரேன். சீட்டு இல்லாமல் வாரேன். இந்தக் கடிதம் வருவதற்குள் நான் வந்தாலும் வந்துவிடுவேன். எழுதாமல் கிளம்ப மனசு வரவில்லை, அதுதான் எழுதுகிறேன்.

பேயாண்டி

*

எழுமலை
2 செப்டம்பர் 1934

மதுரை ஜெயிலில் இருக்கும் மாமாவுக்கு ஒச்சாயி எழுதியது.

ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை. நம் வீட்டில்தான் பிறந்தது. அத்தைதான் பிடித்தாள். உங்களுக்கு ஆறு மாதம் என்று தீர்ப்பு வந்ததைக் கேட்ட அன்றைக்கே வலி கண்டது. இரண்டு பேரும் உடம்பு நலம். அவர் மூக்கு. பேர் வைக்கவில்லை, நீங்கள் எழுதினால்தான்.

உங்கள் மேல் எனக்கு இருக்கிறது தீரவில்லை மாமா. பொய் எழுத வரவில்லை. ராத்திரி பிள்ளை அழும்போது, இன்னும் நாலு ராத்திரி உட்கார் என்று எழுதினீர்களே, அந்த வரிதான் ஞாபகம் வருகிறது. அதே மாதிரி, கால் இரண்டும் அட்டை கடித்து ரத்தமாக, சேலைப் பொட்டலம் மட்டும் நனையாமல் தலைமேல் வைத்துக்கொண்டு வாசலில் நின்றீர்களே, அதுவும் வருகிறது. எது முதலில் வருகிறது என்று சொல்லத் தெரியவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் கோடி போட்டு, அந்தப் பெண்கள் கயிற்றை இறக்கி, எல்லோரும் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தோமே. நல்ல வெயில். அப்போது அது கிளையில் வந்து நின்றது. ஒன்றுதான் வந்தது. நீங்களும் பார்த்தீர்கள். அது போகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். அதற்குப் பிறகு என்னைக் கைப்பிடித்து மலையிறக்கிக் கொண்டுவந்து, சின்னமனூர் சாவடியில் போலீஸ் உங்களைப் பிடிக்கிறவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு கல்லைப் பார்த்தால்கூட ஒன்பது கதை சொல்கிறவர் நீங்கள். ஏன் மாமா?

நேற்று இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். துரை கப்பலைத் தள்ளிப்போட்டிருக்கிறாராம். எஸ்டேட்டில் எந்த இடம், எந்த மரம், எந்த நேரம் என்று சரியாகச் சொன்னால் துப்பாக்கி ஆட்களை அனுப்பி முடித்துக்கொள்வார்களாம். உங்களை முன்னாலேயே விட்டுவிடுவார்களாம், ரேகையிலிருந்தும் பேர் போகுமாம். பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும் என்று நான் உள்ளே வந்துவிட்டேன். உங்களிடம் வந்து கேட்பார்கள். நீங்கள் சொன்னாலும் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அத்தை ராத்திரியில் உங்கள் கட்டிலை விரித்து வைத்துவிட்டுத் தரையில் படுக்கிறாள்.

ஒச்சாயி

*

ஜெயில், மதுரை
20 செப்டம்பர் 1934

தாயி ஒச்சாயிக்கு மாமன் எழுதுவது.

பேரன் பிறந்ததை இங்கே ஜெயில் முழுக்கச் சொல்லிவிட்டேன். ஒன்பது ராத்தல் எடை என்று சொன்னேன். அது கொஞ்சம் கூடத்தான். எனக்கு இங்கே ராஜ உபசாரம். தனி அறை கொடுத்திருக்கிறார்கள், இன்னும் ஐந்து பேர் கூட இருக்கிறார்கள். களி நம் வீட்டுக் களியைவிடக் கெட்டி. செங்கல்லாகவும் வைத்துக் கட்டலாம்.

துரை வந்தார். என் பேச்சில் எதை வேண்டுமானாலும் நம்பாதே, இதை நம்பு. அவரே வந்தார். கூட நம்ம இன்ஸ்பெக்டரும் பாஷை மாற்றிச் சொல்ல ஒரு குமாஸ்தாவும். துரை நல்ல மனுஷன்தான். ஒரு படப் புஸ்தகத்தை விரித்துக் காட்டினார். அவர்களும் அதைச் சரியாகப் பார்த்ததில்லை போலிருக்கிறது, வாலைக் குட்டையாகப் போட்டிருந்தார்கள். கழுத்து நிறமும் இல்லை. அந்த வெயிலில் அதன் கழுத்து எப்படி இருந்தது என்று நமக்குத்தானே தெரியும். வாய் வரைக்கும் வந்துவிட்டது தாயி.

"எங்க பாத்த, சொல்லு" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்படி ஒரு பிராணியே கெடையாதுங்க எசமான்" என்றேன். "எந்தங்கச்சி மக ஏதோ கீரிப்பிள்ளையைப் பாத்து எழுதுச்சு. மஞ்சளை நான்தான் பூசினேன். ஸ்டேஷன் வாசல்ல பொழுது போக வேண்டாமா."

குமாஸ்தா மாற்றிச் சொன்னதும் துரை புஸ்தகத்தை மூடினார். இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "இவன் பேச்சை நம்பி ஒங்களக் கூட்டிட்டு வந்தேனே. எழுமலையில கேட்டா சின்னப்பிள்ளைகூடச் சொல்லும், இவன் அளக்காத அளப்பு இல்லன்னு." வார்டர் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுபடி ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. துரை வருகிற வாரம் கப்பலேறுகிறாராம்.

என் வாழ்நாளில் எம்புட்டோ சொல்லியிருக்கிறேன், ஒருத்தனும் முழுசாக நம்பினதில்லை. இதை உடனே நம்பினார்கள்.

கட்டிலை அத்தையே விரித்துப் படுத்துக்கொள்ளச் சொல். தரை ஈரம் உடம்புக்கு ஆகாது.

பிள்ளைக்கு அவன் அப்பன் பேரையே வை. காது குத்து நான் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். உனக்குக் கூடப்பிறந்தவன் இல்லாததால் என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். வேறு யார் மடியும் வேண்டாம். ஆனால் காலையிலேயே நேரம் குறித்துவிடுங்கள். விருந்து எவ்வளவு நேரம் போனாலும், பொழுது சாய்ந்தால் நான் எழுந்து போக வேண்டும்.

மாமன்
பேயாண்டி